நேற்று கணீரென்று ஒலித்த கிட்டார் இன்று மந்தமாவது ஏன்?

கேள்வி:
வணக்கம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வசிக்கிறேன். என்னுடைய உருக்குத் தந்திக் கிட்டார் ஒரு நாள் கணீரென்று ஒலிக்கிறது. மறுநாள் அதே பாட்டை அதே பிக்கால் வாசித்தாலும், போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் அடங்கிக் கிடக்கிறது. சுருதி சரியாகவே இருக்கிறது, தந்திகளை மாற்றியும் மூன்று வாரங்களே ஆகின்றன. மேற்பலகை, ஒட்டுப்பலகை அல்ல, ஸ்புரூஸ் மரத்தின் ஒற்றைப் பலகை. அடுப்படிச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். மே மாதத்தில் மழை தொடங்கியதிலிருந்து தொல்லை கூடியிருக்கிறது. அடுத்த மாதம் தங்கையின் திருமணத்தில் வாசிக்க வேண்டும். உதவுங்கள்.

முதல் பதில்:
தம்பி, முதலில் அந்தச் சுவரிலிருந்து கிட்டாரை இறக்கிவிடுங்கள். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழைக்காலத்தில் மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சும் மரம், இரவில் விறகடுப்பின் சூட்டில் ஒரு பக்கமாகக் காய்கிறது. ஈரம் ஏறினால் மேற்பலகை உப்பி, பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் கட்டை) உயர்ந்து, தந்திகளும் விரற்பலகையை விட்டு மேலெழும். கனத்த பலகை தாராளமாக அதிராததால் ஒலி மந்தமாகும். ஒற்றைப் பலகைக் கிட்டார்களுக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது. விரற்பலகையின் குறுக்கே பதித்த கம்பிகளில் பன்னிரண்டாவதான பிரெட்டுக்கு மேல், தடித்த ஆறாம் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை அடிமட்டத்தால் அளந்து, ஒரு வாரம் குறித்து வாருங்கள். கைவியர்வையும் அடுப்புப் புகையும் படிந்த தந்திகள் மூன்று வாரத்தில்கூடச் செத்துவிடும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

இரண்டாவது பதில்:
அண்ணன் சொன்னது சரியே. ஆனால் மரம் பல நாட்களில், பல வாரங்களில் மெல்ல மாறுவது. ஒரே இரவில் தலைகீழாக மாறுவது பெரும்பாலும் நம் காதுதான். அன்றைக்கு என்ன வேலை செய்தீர்கள், சளி, தடிமன் இருந்ததா, எத்தனை மணிக்கு வாசித்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பேரிரைச்சலில் நின்று வந்த காது சில மணி நேரத்துக்கு மேல்தொனிகளை மங்கலாகவே கேட்கும். சளி பிடித்தாலும் இதே கதை. ஒலி குறையும்போது நடுத்தொனிகளைவிட அடித்தொனிகள் அதிகமாக மறைவதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டினார்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில், உறங்குபவர்களுக்காக மெதுவாக வாசிக்கும் இரவில் கிட்டார் மெலிந்து கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். கைத்தொலைபேசியை ஒரே இடத்தில் வைத்து, ஒரே கோர்டைத் தினமும் பதிவு செய்யுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே அமர்வில் கேளுங்கள்.

கேட்டவரின் மறுமொழி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்பது நாட்கள் பதிவு செய்தேன். "இன்று செத்துவிட்டது" என்று நான் குறித்த நான்கு நாட்களில் மூன்றின் பதிவுக்கும் நல்ல நாட்களின் பதிவுக்கும் வேறுபாடே தெரியவில்லை. அந்த மூன்று நாட்களும் நான் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை உருட்டும் இரைச்சலான ரோலர் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றவை. நான்காவது நாள், விடாத மழையின் ஐந்தாம் நாள், பதிவிலேயே ஒலி மங்கியிருந்தது. ஆறாம் தந்தியும் 2.5 மில்லிமீற்றரிலிருந்து 3 மில்லிமீற்றருக்கு உயர்ந்திருந்தது. கிட்டார் இப்போது உள்ளறையில், உறைக்குள் இருக்கிறது. வேலைக்குக் காதடைப்பான் வாங்கிவிட்டேன். திருமணத்துக்கு முந்தைய நாள் விடுமுறை கேட்டிருக்கிறேன்.