டவுன்டன் அபே: சிபில் சாவுக்கு ராபர்ட்தான் காரணமா?

கேள்வி:
டவுன்டன் அபே என்ற ஆங்கில டிவி தொடரின் மூன்றாவது சீசனை மறுபடி பார்க்கிறேன். ராபர்ட் பிரபுவின் மகள் சிபில் பிள்ளை பெற்ற கையோடு வலிப்பு வந்து சாகும் இடத்தில் டிவியை அணைத்துவிட்டேன். பிரசவத்துக்கு முன்பே, கணுக்கால் வீங்கியிருக்கிறது, பேச்சு குழம்புகிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுவை செய்யலாம் என்று ஊர் டாக்டர் கிளார்க்சன் மன்றாடுகிறார். ராபர்ட்டோ லண்டனிலிருந்து வந்த பெரிய டாக்டரையே நம்புகிறார். என் அக்காவுக்கும் எட்டாம் மாதத்தில் இப்படித்தான் கால் வீங்கியது, பிரஷர் ஏறியது. நர்ஸம்மா கவனித்ததால் பிழைத்தாள். என்னால் ராபர்ட்டை மன்னிக்கவே முடியவில்லை. உங்களுக்கு?

பதில் 1:
கோபம் நியாயம்தான். ஆனால் கதை நடப்பது 1920இல். அறுவை செய்திருந்தாலும் பிழைப்பது அரிது என்று பிறகு கிளார்க்சனே சிபிலின் அம்மா கோராவிடம் சொல்கிறாரே?

பதில் 2:
அது பாட்டி வயலட் கேட்டுக்கொண்டதால் சொன்னது! மகன் ராபர்ட்டும் மருமகள் கோராவும் பிரிந்துவிடக் கூடாது என்ற தவிப்பு அவருக்கு. எனக்கு சிபிலின் கணவன் டாமை நினைத்தால்தான் தொண்டை அடைக்கிறது. கைக்குழந்தையோடு ஜன்னலோரம் நிற்பான், பாருங்கள். மகளுக்கும் சிபில் என்றே பெயர் வைக்கிறான்.

கேட்டவர்:
சரி, கிளார்க்சன் காட்சியை இன்றிரவே திரும்பப் பார்க்கிறேன். கோரா, ராபர்ட் இருவரும் சேர்ந்து அழுவார்கள், அதுவரைக்கும்.