போ டை கட்டியவர் கொடுத்த பை

சிகாகோ வந்து மூன்றே வாரம். மச்சான் வண்டியில் தெற்குப் பகுதி சிக்னல் ஒன்றில் நிற்கிறோம். கோட்டு சூட்டு, கழுத்தில் போ டை, ஷூவில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு கறுப்பின இளைஞர் வண்டிகளுக்கு நடுவே வந்தார். கையில் 'ஃபைனல் கால்' பத்திரிகைக் கட்டு. கண்ணாடியில் தொங்கிய தஸ்பீஹ் மணிமாலையைப் பார்த்துவிட்டு "அஸ்ஸலாமு அலைக்கும், பிரதர்" என்றார். காயல்பட்டினத்தை விட்டு வந்தபின் முன்பின் தெரியாத ஒருவர் சொன்ன முதல் சலாம் அதுதான். தொண்டை அடைத்துவிட்டது. பத்திரிகை வாங்கினேன், கூடவே ஒரு பீன் பையும். (நம்ம மஞ்சப்பை இல்லை. வெள்ளை பீன்ஸை வேகவைத்து மசித்து, சர்க்கரை, முட்டை, பட்டைத்தூள் சேர்த்துச் சுடுகிற இனிப்பு. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் போளிப் பூரணம்தான்.)

வீட்டுக்கு வந்து பத்திரிகையைப் புரட்டினேன். முஸ்லிம்கள் எதை நம்புகிறார்கள் என்று எண் போட்டு ஒரு பட்டியல். முதலாவது, இறைவன் ஒருவன், அவன் பெயர் அல்லாஹ். சரி. இரண்டாவது, குர்ஆனையும் நபிமார்கள் எல்லாருடைய வேதங்களையும் நம்புகிறோம். அதுவும் சரி. ஐந்தாவதில் கொஞ்சம் இடறியது: இறந்தவர்கள் எழுப்பப்படுவது உடலோடு அல்ல, மனதளவில்தான். அப்படியானால் மறுமையில் எல்லாரும் எழுந்து கூடுகிற மஹ்ஷர்? பன்னிரண்டாவதைப் படித்ததும் கையிலிருந்த பை அப்படியே நின்றது. 1930 ஜூலையில் ஃபார்ட் முஹம்மது என்ற மனிதரின் உருவில் அல்லாஹ்வே தோன்றினானாம்.

'நேஷன் ஆஃப் இஸ்லாம்' என்ற பெயரை அன்றுதான் கேள்விப்பட்டேன். டெட்ராய்ட்டில் அதைத் தொடங்கிய ஃபார்ட் 1934இல் காணாமல் போனார். அப்புறம் எலைஜா முஹம்மது 1975 வரை நடத்தினார். அவரைத்தான் இறைத்தூதர் என்றார்கள். யாகூப் என்ற விஞ்ஞானி 6,600 ஆண்டுகளுக்கு முன் வெள்ளையரை உருவாக்கினான் என்றும் ஒரு கதை உண்டு. பன்றி இல்லை, மது இல்லை, சலாம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நம்மைப் போலத்தான். ஆனால் இறைவன் ஒருவனே, அவனுக்கு நிகராக யாரும் இல்லை என்று குல்ஹுவல்லாஹு சூரா ஓதும் வாய் அந்தப் பன்னிரண்டாவதை ஒப்புக்கொள்ளாது. அதே நேரம், வெள்ளைக்கார முகத்தோடு வரைந்த கடவுள் படத்தின் கீழேயே அடிபட்டு வாழ்ந்த சனம், எங்கள் நிறத்திலும் இறைவன் வந்தான் என்று கேட்டதும் ஏன் பின்னால் போனது என்பது எனக்குப் புரிகிறது.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

*

நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ஜும்மாவுக்குப் போகிற பள்ளியில் பெரும்பாலும் கறுப்பினத்தவர். முன்வரிசையில் ஒரு பெரியவர், எழுபது தாண்டியவர். இளமையில் அவரும் தெருவில் பத்திரிகை விற்றவர்தான். நேஷனின் 'டெம்பிள்'களில் அப்போது நாற்காலி போட்டிருக்குமாம். உட்கார்ந்து பேச்சுக் கேட்பதுதான் வழிபாடு. நோன்புகூட டிசம்பரில், கிறிஸ்துமஸை மறக்கடிக்க எலைஜா வைத்த ஏற்பாடு.

1975இல் எலைஜா இறந்து மகன் வாரித் தீன் முஹம்மது பொறுப்புக்கு வந்ததும், ஃபார்ட் இறைவன் என்ற பேச்சே போயிற்று. நாற்காலிகளும் போயின, ரமலான் வந்தது, வெள்ளையரும் உள்ளே வரலாம் என்றானது. முஹம்மது அலியும் அந்த வழியில்தான் சுன்னத் ஜமாஅத்துக்கு வந்தார். "என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார், நான் தரையில் உட்கார்ந்தேன்" என்றார் பெரியவர். நெற்றி தரையில் படக் குனிந்த முதல் சஜ்தாவில் கோட்டு முதுகில் கிழிந்ததாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

1964 ஹஜ்ஜில் வெள்ளை ஹாஜிகளோடு ஒரே தட்டில் சாப்பிட்டேன் என்று, நேஷனின் பேச்சாளராக இருந்து வெளியேறிய மால்கம் எக்ஸ் கடிதம் எழுதியபோது இவர் மால்கமைத் துரோகி என்று திட்டிய கூட்டத்தில் இருந்தவர். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பதில்லை.

எழுந்து போனவர்களைப் போன்ற பலரை அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், எலைஜாவின் பழைய சீடர் ஃபரகான் பழைய நேஷன் கொள்கையிலேயே மறுபடி சேர்த்துவிட்டார். நீங்கள் வாங்கிய பத்திரிகை அவர் 1979இல் தொடங்கியது.

*

எனக்கு வாய்த்தவர் வேறு ரகம். துருக்கித் தொப்பி, பெயருக்குப் பின்னால் 'பே'. குர்ஆன் என்று ஒன்றைக் காட்டினார். அட்டையில் வட்டத்துக்குள் 7. திறந்து குர்ஆனின் முதல் சூராவான ஃபாத்திஹாவைத் தேடினேன், கிடைக்கவில்லை. மூரிஷ் சயின்ஸ் டெம்பிள் என்ற அவர்கள் இயக்கத்தைத் தொடங்கி 1929இல் இறந்த நோபில் ட்ரூ அலி தந்த நூலாம். அமெரிக்கக் கறுப்பர்கள் உண்மையில் மூர்கள், அதாவது வட ஆப்பிரிக்க முஸ்லிம்களின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் வாதம். நேஷனுக்கும் மூத்தவர்கள்.

*

புரூக்ளினில் என்னோடு கிடங்கில் வேலை பார்ப்பவர் தினமும் "பீஸ், காட்" என்பார். முதலில் என்னைத்தான் கடவுளாக்குகிறார் என்று பயந்தேன். ஃபைவ் பெர்சென்ட் ஆட்களாம். நேஷனிலிருந்து பிரிந்த கிளாரன்ஸ் 13எக்ஸ் 1964இல் ஹார்லெமில் தொடங்கியது. கறுப்பின ஆணே கடவுள் என்பார்கள். 'அல்லாஹ்' என்ற ஆங்கில எழுத்துகளைக் கை, கால், கால், கை, தலை என்று பிரித்துக் காட்டினார்.

சரி, ஏதோ நம் ஆள் என்று ரமலானில் நோன்பு திறக்கக் கூப்பிட்டேன். "வருகிறேன். ஆனால் நான் முஸ்லிம் இல்லை, தெரியுமில்லையா?" என்று அவரே சொல்லிவிட்டார். வந்தார். நோன்புக் கஞ்சி இரண்டு கிண்ணம் குடித்தார். நாங்கள் மஃரிப் தொழுது முடிக்கும்வரை என் மகனோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்.