தங்கம் தேடுறவங்க கூட்டத்துக்குப் போய் வந்தேன்

பொகவந்தலாவையிலிருந்து:

போன வருஷம் அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது அம்மாவுக்குத் துணையாக நானும் இலங்கையிலிருந்து அவுஸ்திரேலியா போனேன். ஆறு வாரம் மெல்பேர்ணில் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், தச்சு வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஒரு நாள் காலையில் வாசல் படியில் உட்கார்ந்து மெட்டல் டிடெக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. நம்ம ஊரில் அந்தச் சாமான் கையில் இருந்தாலே புதையல் தோண்ட வந்தவன் என்று அடுத்த நாள் பேப்பரில் "ஸ்கேனருடன் ஐவர் கைது" என்று வந்துவிடும். இவர் பட்டப்பகலில், ரோட்டில் போகிறவர்களுக்குக் கையசைத்துக்கொண்டு துடைக்கிறார்.

எங்கள் அப்பா கெசல்கமு ஓயா என்கிற ஆற்றில் மாணிக்கக்கல் அரித்தவர் என்று மச்சான் அவரிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பெரியவர் முகமே மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய ஆட்கள் கூடுகிறார்கள், நானும் வந்தே ஆகவேண்டும் என்று நின்றார்.

மெல்பேர்ணிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். டனோலி என்ற சின்ன ஊரைத் தாண்டி, யூகலிப்டஸ் காட்டோரம். நம்ம பக்கத்து டர்பன்டைன் மரங்களின் சொந்தக்காரர்கள்தான், ஆனால் பட்டை கறுத்து வெடித்துப் போயிருக்கும். கீழே செம்மண், அதில் உப்பைத் தூவின மாதிரி வெள்ளை வெள்ளையாகக் குவார்ட்ஸ் கல். அறுபது எழுபது பேர் இருந்திருப்பார்கள். புருஷன் பெண்சாதியாக, பேரப்பிள்ளைகளோடு, நாயோடு வந்திருந்தார்கள். ஒரு பாட்டி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தார், மடியில் ஹெட்ஃபோன்.

முதலில் ஒருவர் நின்று விதிகளைச் சொன்னார். தோண்டின குழியை அந்த இடத்திலேயே மூட வேண்டும். கைக்கருவி மட்டும்தான், யந்திரம் கூடாது. ஆதிவாசிகளின் பழைய இடம், கல் ஆயுதம் என்று எது கண்ணில் பட்டாலும் தொடாமல் விலகிவிட வேண்டும். லைசன்ஸ் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அதை அவர்கள் 'மைனர்ஸ் ரைட்' என்கிறார்கள். ஒருமுறை எடுத்தால் 10 வருஷத்துக்குச் செல்லும். அனுமதித்த அரச காணியில் தேடலாம், கிடைத்த தங்கம் தேடினவனுக்கே சொந்தம். நான் பெரியவரிடம் இரண்டு தடவை திருப்பிக் கேட்டேன். ஆமாம், தேடினவனுக்கே.

டிடெக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பலர் அதை மந்திரக் கோல் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தடியின் நுனியில் தட்டு மாதிரி ஒரு சுருள். அதில் மின்சாரம் ஓடி, மண்ணுக்குள்ளே காந்தப் புலத்தை அனுப்புகிறது. உள்ளே உலோகம் இருந்தால் அதில் சின்னதாக ஒரு மின்னோட்டம் எழும்பும். யந்திரம் அதைப் பிடித்துச் சத்தமாக மாற்றுகிறது. மாணிக்கக்கல்லில் மின்சாரம் ஓடாது. ஆகவே நீலக்கல், புஷ்பராகம், வைடூரியம் எதுவாக இருந்தாலும் மெஷின் கத்தாது. கல் கண்டுபிடிக்கிற ஸ்கேனர் என்று யாராவது உங்களிடம் காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். தயவுசெய்து.

என் காதில் ஹெட்ஃபோனை மாட்டினார். மெல்லிய 'ம்ம்ம்' என்ற ரீங்காரம். தட்டைத் தரையோடு தரையாக, நாத்து வீசுகிற மாதிரி இடம் வலமாக வீசிக்கொண்டு நடந்தேன். இருந்தாற்போல ரீங்காரம் உயர்ந்து தணிந்தது. கை நடுங்கியது. கொத்தினேன். அவருடைய கொத்தியின் தலையில் ஒரு காந்தம் ஒட்டியிருந்தது. துருப்பிடித்த ஆணி வந்து அதில் ஒட்டிக்கொண்டது. தங்கம் காந்தத்தில் ஒட்டாது, ஆணி ஒட்டும். குப்பையை அப்படித்தான் கழிக்கிறார்கள்.

அடுத்த சத்தம் காந்தத்தில் சிக்கவில்லை. அப்போது அவர் காட்டிய முறையை நான் மறக்கவே மாட்டேன். சத்தம் வந்த மண்ணை ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் அள்ளச் சொன்னார் (இரும்புக் கரண்டி என்றால் கரண்டிக்கே சத்தம் வரும்). சுருளுக்கு மேலே ஆட்டிப் பார்த்தோம், கத்தியது. பாதி மண்ணை உள்ளங்கையில் கொட்டி, மீதியை ஆட்டினோம், கத்தவில்லை. ஆக, கையில் இருக்கிற பாதியில்தான் இருக்கிறது. அதிலும் பாதி. அதிலும் பாதி. கடைசியில் ஒரு சிட்டிகை மண். விரலால் தேய்த்தால் ஈயக் குண்டு, துப்பாக்கி ரவை. கொள்ளு அளவுதான் இருக்கும். பெரியவர் சிரித்து, "ஈயத்தைப் பிடித்துவிட்டாய் என்றால் தங்கத்தையும் பிடிப்பாய்" என்றார். அன்றைக்கு மெஷினில் எனக்குத் தங்கம் கிடைக்கவில்லை. ஏழு ரவை, நாலு ஆணி.

சாப்பாட்டு நேரத்தில் பேச்சு முழுக்க மோலியாகல் பற்றித்தான். அங்கிருந்து கிட்டத்தான். 1869-ல் ஜோன் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இருவருக்கு, மண்ணுக்கு ஒரு அங்குலம் கீழே, மரவேரோடு ஒட்டிக்கொண்டு, 70 கிலோவுக்கு மேல் ஒரே தங்கக் கட்டி கிடைத்ததாம். டனோலியில் அதை நிறுக்கத் தராசு இல்லாமல், பட்டறைக்கல்லில் வைத்து உடைத்துத்தான் நிறுத்திருக்கிறார்கள். 1869 என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அதே வருஷம்தான் இங்கே கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அந்த இருவர் அங்கே வேரடியில் தங்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தபோது, மன்னாரிலிருந்து காடு மேடெல்லாம் நடந்து வந்த நம்ம ஆட்கள் இங்கே கோப்பி மலையில் கூன் போட்டு நின்றிருக்கிறார்கள். இதை நான் அங்கே சொன்னேன். பின்னிக்கொண்டிருந்த பாட்டி ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பின்னேரம் தட்டுப் போட்டி. பச்சை பிளாஸ்டிக் தட்டு, ஒரு பக்கம் வரி வரியாகப் படி. மண்ணைப் போட்டுத் தண்ணீருக்குள் குலுக்கினால் கனமானது அடியில் இறங்கும். தங்கத்தின் அடர்த்தி 19.3, வெறும் குவார்ட்ஸ் மணல் 2.65. வித்தியாசம் அவ்வளவு பெரிசு, குலுக்கினால் போதும். நம்ம நீலக்கல் ஏறத்தாழ 4-தான், மணலைவிட அவ்வளவொன்றும் கனமில்லை. அதனால்தான் நம்ம கூடை அரிக்கிறவனுக்குக் கை அவ்வளவு பதமாக இருக்க வேண்டியிருக்கிறது.

நான் தட்டைத் தண்ணீரில் வைத்ததும் கை தானாகச் சுழன்றது. அப்பாவின் சுழற்சி. இடுப்பளவு தண்ணீரில் நின்று, இல்லம மண்ணை (கல் கிடக்கிற சரளை மண்) கூடையில் போட்டு, ஒரு சுற்று சுற்றி, லேசான கல்லெல்லாம் விளிம்பு தாண்டிப் போக, கடைசியில் கூடையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்கிற அந்தப் பார்வை. பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் தட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். கருமண் அடியில் கோடாக வந்தது. அதன் ஓரத்தில் நாலு மஞ்சள் துகள். குரக்கன் மாவில் விழுந்த மஞ்சள்தூள் மாதிரி.

சந்தோஷம்தான். ஆனாலும் அன்றைக்கு இரவு காரில் எனக்கு அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா இதே வேலையை இரவில் செய்தார். டோர்ச்சை வேட்டியில் சுற்றிக்கொண்டு. காலையில் தோட்டத்து வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்குப் போகிற மாதிரி விடியற்காலையில் ஈரத்தோடு வருவார். ஒரு மழைக்காலத்தில் கரை சரிந்து பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீடு) பையன் கால் நசுங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் மரத்திலிருந்து விழுந்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்றோடு அப்பா கூடையை விட்டார். சட்டப்படி கல் தோண்ட அரசாங்கத்தின் இரத்தினக்கல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்குக் காணி உறுதியோ, காணிக்காரனின் சம்மதமோ காட்ட வேண்டும். லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம், ஓயாக்கரை அரசாங்கத்துக்குச் சொந்தம். அப்பா எந்த உறுதியைக் காட்டுவார்?

அங்கேயும் ஒரு காலத்தில் அப்படித்தான். முதலில் மாதம் 30 ஷில்லிங் லைசன்ஸ் வரி, தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். 1854 டிசம்பரில் பல்லரட் தங்க வயலில், யூரேக்கா என்ற இடத்தில், தோண்டுகிறவர்கள் எழும்பினார்கள், ஆட்கள் செத்தார்கள். அடுத்த வருஷமே அந்த வரி போய், வருஷத்துக்கு 1 பவுண்டில் மைனர்ஸ் ரைட் வந்தது, வாக்குரிமையோடு. பெரியவர் சட்டைப்பையில் வைத்திருந்த அந்தக் காகிதத்தின் பாட்டன் அது.

---

மஸ்கெலியாவிலிருந்து:

தம்பி, நீங்க எழுதினத வாசிச்சு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியல. என் அண்ணனையும் இப்பிடித்தான் கூட்டிட்டுப் போனாங்க. வெளியூர் ஆளுங்க நாலு பேர், ஸ்கேனர் வச்சிருந்தாங்க. மலைக்கு மேல பழைய கல்லு ஒண்ணு இருக்கு, அடியில புதையல்னு. ஒரு பூசாரி, சேவல், தேசிக்காய் எல்லாம். அண்ணனுக்கு மம்மட்டி பிடிக்கத்தான் கூலி, ராத்திரிக்கு மூவாயிரம் ரூபா. பொலிஸ் வந்தப்ப மத்தவங்க வேன்ல பறந்துட்டாங்க. மம்மட்டியோட நின்னவர் இவர்தான்.

கோர்ட்டுலதான் தெரிஞ்சுது, நம்ம நாட்டுல 1815 மார்ச் 2க்கு முந்தின பொருள் எல்லாம் புராதனப் பொருள், 1940லயே அதுக்குச் சட்டம் இருக்கு, மண்ணுக்குள்ள இருக்கிறது அரசாங்கத்துச் சொத்துன்னு. அண்ணன் அஞ்சாம் வகுப்பு. அவருக்கு 1815 தெரியுமா? நம்ம பிள்ளைங்களுக்கு இத யாராவது ஸ்கூல்ல சொல்லிக்குடுக்கணும் தம்பி. அந்த டிடெக்டர் ஆசைய இங்க கொண்டு வந்துராதீங்க, தட்டு மட்டும் போதும்.

---

பலாங்கொடைப் பக்கத்திலிருந்து:

அண்ணா, நான் லைசன்ஸ் உள்ள குழியில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எங்கள் முதலாளி லைசன்ஸ் எடுக்கும்போதே, குழியை மூடுவதற்கென்று அதிகாரசபைக்கு ஒரு தொகையைக் கட்டி வைக்க வேண்டும். மூடிக் காட்டினால்தான் திரும்பக் கிடைக்கும். குழிக்குள் மரம் கட்டி, பம்ப் வைத்துத் தண்ணீர் இறைத்து, பங்கு பிரித்துத்தான் வேலை. கரை சரியாது என்று சொல்ல முடியாது, ஆனால் சரிந்தால் மறைக்க வேண்டியதில்லை. கெசல்கமு ஓயாவைக் கிளறினால் அந்தச் சேறு முழுக்க காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும். அதையும் யோசிக்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து, காணிக்காரர் ஒருவரின் சம்மதத்தோடு ஒரு லைசன்ஸ் எடுக்கப் பாருங்கள். பத்திரங்கள் நிரப்ப நான் வந்து உதவுகிறேன்.

அப்பா அந்தத் தங்கத்தைப் பார்த்தாரா? அதை எழுதவில்லையே.

---

பொகவந்தலாவையிலிருந்து:

அக்கா, சத்தியமாக டிடெக்டர் கொண்டுவரவில்லை. பெரியவர் தட்டு ஒன்றைத் தந்தார், அந்த நாலு துகளையும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரோடு அடைத்துத் தந்தார். உங்கள் அண்ணன் கதையை எங்கள் லயத்துப் பொடியன்களுக்கு வாசித்துக் காட்டினேன், பேர் எதுவும் சொல்லாமல்.

தம்பி, உதவி கட்டாயம் வேண்டும். ஆற்றைத் தொடப் போவதில்லை. மேட்டுக் காணிக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம்.

அப்பா குப்பியை வாங்கி முதலில் வெயிலில்தான் பிடித்தார், கல்லைப் பார்க்கிற மாதிரி. தங்கம் வெயிலை உள்ளே விடாது, அப்படியே மஞ்சளாகக் கிடந்தது. "இது உள்ள ஒண்ணும் தெரியல" என்று திருப்பித் தந்துவிட்டு, தட்டை மட்டும் வைத்துக்கொண்டார். வரி வரியாக இருந்த படிகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இஸ்தோப்பு (முன் திண்ணை) ஆணியில் மாட்டி வைத்தார்.

போன ஞாயிறு மழை விட்டதும் அக்காவின் மூத்த பிள்ளையை (லீவுக்கு வந்திருக்கிறான்) பீலிக்கு (மலைத் தண்ணீர் விழுகிற இடம்) கூட்டிப் போனார். பீலியடி மணலை ஒரு பிடி அள்ளித் தட்டில் போட்டு, பையனுடைய இரண்டு கைகளையும் விளிம்பில் வைத்து, மேலே தன் கையை வைத்துச் சுழற்றினார். வெள்ளை மணல் போனது, சிவப்பு போனது. கருமண் அடியில் மெல்லிய கோடாக நின்றது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். வேறொன்றும் இல்லை. அப்பா இன்னொரு பிடி மணல் அள்ளிப் போட்டார்.