பனிப்பூ மூலைகளில் கிழிகிறது, லாந்தர் மடிப்பில் பிளக்கிறது: பிளேடா, மேட்டா, கோப்பா?

வெட்டுக்கிளி (கேள்வி):

வணக்கம். குளிர்கால அலங்காரத்துக்காக வீட்டு கட்டிங் மிஷினில் (கணினிக் கோப்பில் வரைந்ததை பிளேடால் காகிதத்தில் வெட்டும் மிஷின்) இரண்டு வேலை ஓடுகிறது. ஒன்று, 90 மி.மீ. அகலத்தில் ஆறு கிளை பனிப்பூ. இன்னொன்று அறுகோண பேப்பர் லாந்தர். பக்கம் ஒவ்வொன்றும் 60 மி.மீ. அகலம், 110 மி.மீ. உயரம், நடுவில் அதே பனிப்பூவைச் சின்னதாக்கி ஜன்னலாக வைத்திருக்கிறேன்.

காகிதம் 216 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 216 கிராம்) கார்டுஸ்டாக், அதாவது தடித்த அட்டைத்தாள். ஸ்டாண்டர்ட் கிரிப் மேட் (தாள் நகராமல் பிடிக்கும் பசைப்பரப்புள்ள விரிப்பு), 45 டிகிரி பிளேடு, மிஷினிலேயே இருக்கும் கார்டுஸ்டாக் செட்டிங்.

நேர்கோடுகள் சுத்தமாக வெட்டுப்படுகின்றன. உள்மூலைகளில்தான் காகிதம் பஞ்சு மாதிரி எழும்பிக் கிழிகிறது. ஆறு கிளையும் சேரும் நடுப்பகுதி தனித் துண்டுகளாக விழுகிறது. மேட்டிலிருந்து எடுத்ததும் பூ சுருண்டுகொள்கிறது. லாந்தருக்கு மடிப்புக்கோடாகப் புள்ளிக்கோடு வெட்டு கொடுத்தேன், மடித்தால் பிளந்து உள்ளே இருக்கும் வெள்ளை தெரிகிறது. போதாக்குறைக்கு, 60 மி.மீ. வரைந்த பக்கம் மிஷின் மென்பொருளில் 80 மி.மீ. ஆக வந்து நிற்கிறது.

பிரஷரைக் கூட்டினேன், கிழிசல் அதிகமானதுதான் மிச்சம். புது பிளேடு வாங்க வேண்டுமா?

மடிப்புக்கத்தி:

நேர்கோடு சுத்தமாக வருகிறது என்றால் பிளேடு இன்னும் சாகவில்லை. மழுங்கிய பிளேடு நேர்கோட்டிலும் பிசிறடிக்கும். வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

மூலையில் மட்டும் கிழிவதற்குக் காரணம் இந்த பிளேடு வேலை செய்யும் விதம். அதற்கென்று தனி மோட்டார் கிடையாது. முனை நடு அச்சிலிருந்து சுமார் கால் மில்லிமீட்டர் தள்ளி இருக்கும், அதனால் இழுக்கப்படும் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்ளும். பிளேடைத் தாங்கும் உறைக்குள் காகித நார் சிக்கியிருந்தால் அந்தத் திருப்பம் தாமதமாகும். நேர்கோட்டில் அது தெரியாது, மூலையில்தான் குட்டு வெளிப்படும்.

உறையைக் கழற்றி, மேலே இருக்கும் குமிழை அழுத்தி பிளேடு முனையை வெளியே நீட்டுங்கள். நாரை ஊதித் தள்ளுங்கள், அல்லது மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். விரலால் தொட வேண்டாம், வெட்டும் என்பது மட்டுமல்ல, முனையும் உடையும். பிறகு அலுமினிய ஃபாயிலை உருண்டையாகக் கசக்கி அதில் பத்துப் பதினைந்து முறை குத்தி எடுங்கள். ஃபாயில் பிளேடைத் தீட்டிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் ஒட்டியிருக்கும் பசையையும் நாரையும் நன்றாகத் துடைக்கும்.

பிரஷரைப் பழைய அளவுக்கே இறக்குங்கள். அதிக பிரஷரில் முனை காகிதத்தைத் தாண்டி மேட்டுக்குள் ஆழமாக இறங்குகிறது. மூலையில் திரும்பும்போது மேட்டிலேயே மாட்டிக்கொண்டு, காகிதத்தையும் சேர்த்து இழுக்கிறது. சரியான ஆழம் என்றால் மேட்டில் லேசான கீறல் மட்டும் விழும். விரல் நகத்தில் தட்டுப்படும் பள்ளம் விழுந்தால் ஆழம் அதிகம். வெட்டு முழுதாக இறங்காவிட்டால் பிரஷரைத் தொடாதீர்கள், அதே பிரஷரில் இரண்டு முறை ஓடவிடுங்கள். வேகம் மாற்றும் வசதி இருந்தால் பாதியாகக் குறையுங்கள்.

முழுத் தாளைப் போடுவதற்கு முன் ஓரத்தில் ஒரு டெஸ்ட் கட்: 10 மி.மீ. சதுரத்துக்குள் 5 மி.மீ. முக்கோணம். முக்கோணத்தின் கூர்முனை மூன்றும் பிசிறில்லாமல் வந்தால் பனிப்பூவும் வரும்.

அறுபதுபாகை:

பிளேடு விஷயம் சரி. ஆனால் நடுப்பகுதி துண்டாக விழுவதற்கு பிளேடு எந்த விதத்திலும் காரணம் ஆகாது, அது கோப்பில் இருக்கிற கோளாறு. ஒரு கிளை வரைந்து, 60 டிகிரி 60 டிகிரியாகச் சுழற்றி ஆறு நகல் எடுத்திருப்பீர்கள். குரூப் மட்டும் செய்தால் ஆறும் தனித்தனி வடிவங்கள்தான். ஒவ்வொன்றின் அடிக்கோடும் மையத்தின் குறுக்கே போகும், மிஷின் அத்தனையையும் வெட்டித் தள்ளும். ஆறையும் தேர்ந்தெடுத்து வெல்டு கொடுங்கள், ஆறும் ஒரே வடிவமாகச் சேர்ந்துவிடும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அதற்குப் பெயர் யூனியன். பிறகு கோடுகள் மட்டும் தெரியும் அவுட்லைன் காட்சிக்கு மாற்றிப் பாருங்கள். மையத்தில் ஒரு கோடுகூடக் குறுக்கே தெரியக் கூடாது.

அதே காட்சியில் இன்னொன்றையும் கவனியுங்கள். படத்தை டிரேஸ் செய்து (படத்திலிருந்து மென்பொருளே கோடு பிடித்து) எடுத்த வடிவமாக இருந்தால் ஒரே கோட்டுக்கு இரண்டு பக்கமும் கோடு விழுந்திருக்கும். மிஷின் முடி அகலத்துக்கு இரண்டு வெட்டு போடும், நடுவில் இருக்கும் காகிதம் பஞ்சாக எழும்பும். நோட் (கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளி) எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரு நேர்கோட்டுக்கு இரண்டு நோட் போதும், டிரேஸ் செய்ததில் நாற்பது இருக்கும், ஒவ்வொன்றிலும் பிளேடு தயங்கித் தயங்கிப் போகும். இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல், எல் அழுத்தினால் குறையும். ஒரு முறைதான், மேலும் அழுத்தினால் வடிவமே குழைந்துவிடும். உள்மூலைகளைக் கூராக விடாமல் 0.5 மி.மீ. வளைவு கொடுங்கள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பிளேடு சட்டென்று திரும்பாமல் வளைந்து போகும்.

60 மி.மீ. 80 ஆனது மிஷினின் கோளாறு இல்லை. எஸ்விஜி (வடிவங்களைக் கோடுகளாகச் சேமிக்கும்) கோப்பில் அளவு பிக்சலில் இருந்தால், ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதைத் திறக்கிற மென்பொருள் தானாக முடிவுசெய்கிறது. இங்க்ஸ்கேப் 0.92 பதிப்பிலிருந்து 96. சில மென்பொருள்கள் 72 என்று வைத்துப் படிக்கும். 96ஐ 72ஆல் வகுத்தால் 1.333, 60ஐ அதால் பெருக்கினால் சரியாக 80. எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து 75 சதவீதமாகக் குறைத்தால் முடிந்தது. இனி எந்தக் கோப்பிலும் ஓரத்தில் 50 மி.மீ. சதுரம் ஒன்று வரைந்து வையுங்கள். ஏற்றியதும் அதன் அளவைப் பார்த்துச் சரிசெய்துவிட்டு, வெட்டுவதற்கு முன் அழித்துவிடலாம்.

இதைவிட முக்கியம்: 90 மி.மீ. பூவைச் சின்னதாக்கி ஜன்னலில் வைத்தேன் என்கிறீர்களே, கிளை அகலம் எவ்வளவு?

வெட்டுக்கிளி:

இருவருக்கும் நன்றி. உறைக்குள் கடுகளவு நார் உருண்டை இருந்தது. சுத்தம் செய்தபின் முக்கோண டெஸ்ட் கச்சிதம். வெல்டு கொடுத்ததில் நடுப்பகுதியும் ஒட்டி வருகிறது, 75 சதவீதத்தில் அளவும் சரி.

பெரிய பூவில் கிளை 2 மி.மீ. ஜன்னலுக்காக 44 மி.மீ. ஆகக் குறைத்தேன்.

ஒரு தாளில் நான்கு பூ வெட்டுகிறேன். மூன்று நன்றாக வருகிறது, மேல் இடது பக்கத்தில் இருக்கும் ஒன்று மட்டும் இன்னும் கிழிகிறது. நான்கும் ஒரே பூவின் நகல்தான்.

தாள்நார்:

நகல் நான்கில் ஒன்று மட்டும் கிழிந்தால் சந்தேகம் மேட்டின் மேல்தான். உறுதிசெய்ய: கிழிகிற பூவை மென்பொருளில் 90 டிகிரி திருப்பி, இடத்தை மாற்றாமல் வெட்டுங்கள். பிறகு அதையே தாளின் இன்னொரு மூலைக்கு நகர்த்தி வெட்டுங்கள். கிழிசல் பூவோடு கூடவே போனால் கோப்பு அல்லது பிளேடு. பூ எங்கே போனாலும் கிழிசல் அதே மேல் இடது மூலையில் நின்றால் மேட். இரண்டு துண்டுக் காகிதம் செலவாகும், ஆனால் இது தெரியாமல் செட்டிங்கை மாற்றிக்கொண்டே இருப்பது வீண் வேலை.

எல்லாரும் முதலில் வெட்டுகிற மூலை அதுதான், அதனால் பசை அங்கேதான் முதலில் தேயும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான பிரஷ், வட்டமாகத் தேய்த்துக் கழுவி, நிற்கவைத்துக் காற்றில் உலர்த்துங்கள். துணியால் துடைத்தால் துணி நார் ஒட்டிக்கொள்ளும். வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டாம், மேட் வளைந்துவிடும். உலர்ந்ததும் விரலை அழுத்தி எடுத்துப் பாருங்கள், ஒட்டல் மீண்டிருந்தால் போதும். இல்லையென்றால் தாளின் நான்கு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் போட்டு ஓட்டலாம். ஆனால் அது ஓரத்தைத்தான் பிடிக்கும், நடுவில் இருக்கிற பூவுக்கு உதவாது.

தாளை வைத்தபின் ரப்பர் உருளையால் நடுவிலிருந்து வெளியே ஓட்டுங்கள். கையால் தடவுவது போதாது, உள்ளங்கை படாத குழிவுகள் இருக்கும்.

சுருள்வதற்கு: பூவை மேட்டிலிருந்து உரிக்காதீர்கள், மேட்டைப் பூவிலிருந்து உரியுங்கள். மேட்டைக் கவிழ்த்துக் காகிதம் மேசையில் படும்படி வைத்து, மேட்டின் ஒரு மூலையைப் பின்னால் வளைத்துக்கொண்டே போனால் தாள் தட்டையாக மேசையிலேயே தங்கும். மெல்லிய கிளைகளுக்கு ஸ்பாட்டுலாவை அடியில் செருகித் தள்ளுங்கள்.

காகிதத்தையும் ஒருமுறை பாருங்கள். ஈரக் காற்றில் திறந்து வைத்த கார்டுஸ்டாக் ஈரத்தை இழுத்து மெத்தென்று ஆகிவிடும். அப்போது பிளேடு வெட்டாமல் நாரை இழுக்கும், எந்த செட்டிங்கும் அதற்கு உதவாது. பாக்கெட்டை மூடி, தட்டையாக, மேலே கனம் வைத்துப் பாதுகாக்க வேண்டும்.

அறுபதுபாகை:

2 மி.மீ. கிளையுள்ள 90 மி.மீ. பூவை 44 ஆக்கினால் கிளை 1 மி.மீ.க்கும் கீழே போய்விடும். 216 ஜிஎஸ்எம்மில் 1.5 மி.மீ.க்குக் கீழே போனால் வெட்டுப்பட்டாலும் எடுக்கும்போது அறுந்துவிடும். சின்ன பூவுக்கு அகலமான கிளையோடு தனியாக வரைந்துகொள்ளுங்கள், உள்ளே இருக்கும் சின்னக் கிளைகளில் பாதியை நீக்கிவிடுங்கள். பூவின் ஆறு நுனியும் ஜன்னல் சட்டத்துக்குள் 1 மி.மீ. நுழைந்து வெல்டு ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் பூ முழுதாகக் கழன்று விழும்.

லாந்தருக்கு என் விருப்பம் இதற்கு நேர்மாறு. பூவையே ஓட்டையாக வெட்டிவிடுங்கள். வெளிச்சம் பூ வடிவத்தில் வரும், மெல்லிய கிளையைக் காப்பாற்றும் கவலையும் இல்லை. ஓட்டைக்குள் மூடிய வட்டம், அறுகோணம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் அது விழுந்துவிடும்.

வெட்டுக்கிளி:

திருப்பிப் பார்த்தேன், கிழிசல் மேல் இடது மூலையிலேயே நின்றது. மேட்டைக் கழுவிக் காயவைத்தபின் நான்கு பூவும் வந்துவிட்டது. ஜன்னலை ஓட்டையாக மாற்றிவிட்டேன்.

மிச்சம் இருப்பது மடிப்பு. ஆறு பக்கத்தையும் ஒரே துண்டாக வெட்டலாம் என்று பார்த்தால் மேட்டில் இடம் போதவில்லை.

மடிப்புக்கத்தி:

போதாது. ஆறு பக்கம் 360 மி.மீ., ஒட்டும் பட்டை 8 சேர்த்தால் 368. 12 அங்குல மேட்டின் மொத்த அகலமே 305 மி.மீ. தான், வெட்டக்கூடிய பகுதி அதைவிடக் குறைவு. மூன்று பக்கம் கொண்ட இரண்டு துண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 180 மி.மீ., வலது ஓரத்தில் 8 மி.மீ. பட்டை. பட்டையின் இரு முனையையும் 45 டிகிரி சாய்த்து வெட்டுங்கள், மேலும் கீழும் பிதுங்காது.

மடிப்பு பிளப்பதற்கு இரண்டு காரணம். முதலாவது புள்ளிக்கோட்டின் விகிதம். வெட்டு நீளமாகவும் இடைவெளி குட்டையாகவும் இருந்தால் அது கிழிக்கும் கோடு, மடிக்கும் கோடு இல்லை. ஸ்கோரிங் முனை இருந்தால் அதையே போடுங்கள், நார் அறுபடாமல் அழுந்த மட்டும் செய்யும். இல்லையென்றால் 1 மி.மீ. வெட்டு, 2 மி.மீ. இடைவெளி. மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் 3 மி.மீ. வெட்டே இல்லாமல் விடுங்கள், பிளவு எப்போதும் ஓரத்திலிருந்துதான் தொடங்கும்.

இரண்டாவது, காகிதத்தின் நார் ஓடும் திசை. தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள், முதலில் நீளவாக்கில், பிறகு அகலவாக்கில். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த வளைவின் அச்சுக்கு இணையாக நார் ஓடுகிறது. மடிப்புக்கோடும் அதே திசையில் இருக்க வேண்டும். குறுக்கே மடித்தால் நார் உடைந்து மேல்நிறம் வெடிக்கும். வெள்ளை தெரிகிறது என்றால் உங்கள் தாள் உள்ளே வெள்ளை, மேலே மட்டும் நிறம் கொண்ட வகை. முழுவதும் ஒரே நிறமான தாளில் வெட்டினால் வெடித்தாலும் கண்ணை உறுத்தாது.

தாளை நிறப்பக்கம் மேலே வைத்து ஸ்கோர் போட்டு, பள்ளம் வெளிப்பக்கமும் புடைப்பு உள்பக்கமும் வரும்படி மடியுங்கள். எலும்பு மடிப்பானால் (மடிப்பை அழுத்தித் தேய்க்கும் தட்டையான கருவி) ஒருமுறை அழுத்தி, பிறகு திறந்து விடுங்கள். அறுகோணத்தில் ஒவ்வொரு மடிப்பும் 60 டிகிரிதான் திரும்ப வேண்டும்.

அடித்தட்டை 60 மி.மீ. பக்கத்துடன் வெட்டாதீர்கள். காகிதத் தடிமனும் உள்ளே ஒட்டிய பட்டையும் இடத்தைத் தின்னும். 59.5 வைத்தால் இறுக்கமில்லாமல் உட்காரும்.

வெட்டுக்கிளி:

கடைசியாக ஒன்று. உள்ளே வெல்லம் (vellum) என்ற, வெளிச்சம் ஊடுருவும் தாளை ஒட்ட வெள்ளைப் பசை போட்டேன், நெளிந்துபோனது. வெட்டும் வரிசை ஏதாவது முக்கியமா?

தாள்நார்:

வெல்லம் ஈரப்பசையில் நெளியத்தான் செய்யும். 3 மி.மீ. இரட்டைப் பக்க டேப் போடுங்கள். ஜன்னல் 44 அகலம் என்பதால் இரண்டு பக்கமும் 8 மி.மீ. சட்டம் இருக்கிறது, டேப்புக்குத் தாராளம். வெல்லத்தை ஆறு தனித்துண்டாக, 54க்கு 104 மி.மீ. வெட்டுங்கள். எல்லாப் பக்கமும் 3 மி.மீ. உள்ளே நிற்கும், மடிப்பில் மாட்டாது. கார்டுஸ்டாக் செட்டிங்கில் வெல்லத்தைப் போடாதீர்கள். லைட் கிரிப் மேட் (பசை குறைந்தது), குறைந்த பிரஷர், ஓரத்தில் ஒரு டெஸ்ட் கட். லாந்தரை மடித்து ஒட்டுவதற்கு முன், தட்டையாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் ஸ்கோர், அடுத்து ஜன்னல் ஓட்டை, வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோடு முதலில் வெட்டுப்பட்டால் துண்டு தளர்ந்து, உள்ளே வெட்டும்போது நகரும். மென்பொருள் வரிசையை மாற்ற விடாவிட்டால் வெளிக்கோட்டுக்கு வேறு நிறம் கொடுத்துத் தனி வெட்டாகப் பிரித்து, மேட்டை வெளியே தள்ளாமல் இரண்டாவதாக ஓட்டுங்கள். வெட்டு முடிந்ததும் உடனே அன்லோடு பட்டனை அழுத்த வேண்டாம், மேட் உள்ளே இருக்கும்போதே ஒரு ஜன்னலின் மூலையை ஊசியால் தூக்கிப் பாருங்கள். வராவிட்டால் அதே இடத்தில் மறுபடி ஒரு ஓட்டம் விடலாம். வெளியே எடுத்துவிட்டு மீண்டும் ஏற்றினால் கோடு அரை மில்லிமீட்டராவது விலகும்.

உள்ளே வைக்கும் விளக்கு பேட்டரி எல்இடி மட்டும். மெழுகுவர்த்தி வேண்டாம், 60 மி.மீ. பக்க லாந்தரில் மையத்திலிருந்து காகிதத்துக்கு 52 மி.மீ. தான் தூரம்.