சத்தத்தைக் கூட்டினால் அணைந்துவிடும் கையடக்க விளையாட்டுக் கருவி: தவறு எங்கே இருக்கக்கூடும்?

பட்டறைக்காரன், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு செம்பனை ஆலையின் பட்டறையில் வேலை செய்கிறேன். மோட்டார், பம்பு என்றால் பழகிய கை. சிறிய மின்னணுப் பலகைகளுக்கு நான் புதியவன். நான் சிறுவனாக இருந்தபோது பசார் மாலாமில் வாங்கிய பிரிக் கேம் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றை, ஆறாம் ஆண்டில் படிக்கும் என் அக்கா மகன் பழைய அலமாரியில் கண்டெடுத்து, "இதைப்போல ஒன்றை நாமே செய்ய முடியுமா மாமா?" என்று கேட்டான். அன்று தொடங்கிய வேலை இரண்டு மாதங்களாக நடக்கிறது.

ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற சிறு கணினிப் பலகை, 320×240 புள்ளிகள் கொண்ட ஐஎல்ஐ9341 திரை, மேக்ஸ்98357ஏ ஒலிப் பலகை, 4 ஓம் ஸ்பீக்கர், எட்டுப் பொத்தான்கள் ஆகியவற்றைச் சேர்த்திருக்கிறோம். மின்சாரம் பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த ஒரு 18650 லித்தியம் செல்லிலிருந்து வருகிறது. சார்ஜ் செய்ய டிபி4056 பலகையும், 5 வோல்ட்டாக உயர்த்த எம்டி3608 பலகையும், இடையில் ஒரு சிறிய சறுக்கு சுவிட்சும் இருக்கின்றன. மென்பொருள், பழைய விளையாட்டுகளை ஓட்டும் ரெட்ரோபை 4.8.

கைபேசி சார்ஜரில் நேரடியாக இணைத்தால் மணிக்கணக்கில் ஓடுகிறது. செல்லில் ஓட்டினாலோ, நாற்பது நிமிடங்களுக்குள் திரை கறுத்து, கருவி தானாக மறுபடியும் தொடங்குகிறது. சத்தத்தைக் கூட்டினால் பத்து நிமிடங்கள்கூடத் தாங்குவதில்லை. செல்லில் 4.05 வோல்ட், எம்டி3608 வெளியீட்டில் 5.1 வோல்ட் என்று மல்டிமீட்டர் சரியாகவே காட்டுகிறது. மின்சாரம் குறைந்தால் திரையில் வரும் என்று படித்த மின்னல் சின்னமும் ஒரு முறைகூட வரவில்லை. இன்னொரு குறையும் உண்டு. சத்தம் வரும்போதெல்லாம் 'பி' பொத்தானை யாரும் தொடாமலே அது அழுத்தப்படுகிறது.

பலகையே பழுதாக இருக்குமோ என்று எண்ணி, புதிதாக ஒரு ஸீரோ 2 வாங்கலாமா என்று யோசிக்கிறேன். வாங்குவதற்கு முன் அனுபவசாலிகளின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற வயர்மேன், தெலுக் இந்தான்

தம்பி, தயவுசெய்து இப்போது எதையும் வாங்க வேண்டாம். சார்ஜரில் மணிக்கணக்கில் ஓடும் பலகை பழுதான பலகை அல்ல.

முதலில் அந்த மின்னல் சின்னத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மின்னழுத்தம் ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கும் சுற்று, 2014-இல் வந்த பி பிளஸ் முதற்கொண்டு பெரிய ராஸ்பெரி பை பலகைகளில் உண்டு. ஸீரோ வரிசையில் அந்தச் சுற்றே இல்லை. ஆகவே சின்னம் வரவில்லை என்பதை வைத்து மின்சாரம் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. உங்களைப்போலப் பலர் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள்.

அடுத்து, நீங்கள் கொடுத்த 4.05-உம் 5.1-உம் சுமை இல்லாதபோது அளந்தவை என்று நினைக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில்தான் ஓடும். யாரும் எதையும் போடாத நேரத்தில் கடைசி லயத்தில் அளந்தால் மின்னழுத்தம் முழுமையாக இருக்கும். எல்லா வீட்டிலும் விளக்கைப் போட்டு, இரண்டு வீட்டில் துணி தேய்க்கத் தொடங்கினால், அதே கடைசி வீட்டு விளக்கு மங்கிவிடும். ஜெனரேட்டரில் குறை இருக்காது. நீண்டு மெலிந்த கம்பிதான் நடுவில் தின்றிருக்கும். உங்கள் உள்ளங்கையில் இருக்கும் கருவியிலும் அதுவே நடக்கிறது என்பது என் ஊகம்.

எனவே விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, சத்தத்தை உயர்த்தி வைத்து, இந்த இடங்களில் அளந்து எழுதுங்கள்: செல்லின் இரு முனைகளிலும், எம்டி3608-இன் உள்ளீட்டில், ராஸ்பெரி பையின் 2-ஆம் (5 வோல்ட்), 6-ஆம் (தரை) ஊசிகளுக்கிடையில். பிறகு மல்டிமீட்டரின் இரு முனைகளையும் சுவிட்சின் இரு கால்களில் வைத்துப் பாருங்கள். சுவிட்ச் நல்லதாக இருந்தால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். கடைசியாக, செல்லிலிருந்து வரும் கம்பியில் மீட்டரைத் தொடராக இணைத்து மின்னோட்டத்தையும் அளக்கலாம். அதற்குச் சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள், இல்லையென்றால் மீட்டரின் பியூஸ் போய்விடும்.

மின்னணுவியல் மாணவி, குளுவாங்

அண்ணா, 'பி' பொத்தான் எந்த ஊசியில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் ஜிபிஐஓ எனப்படும் உள்ளீட்டு-வெளியீட்டு ஊசிகளில் 18, 19, 21 ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மேக்ஸ்98357ஏ பலகைக்கு ராஸ்பெரி பை ஒலித் தரவை அனுப்புவது இந்த மூன்று ஊசிகள் வழியாகத்தான். இவற்றில் ஒன்றில் பொத்தானையும் இணைத்திருந்தால், ஒலி வரும்போது அந்த ஊசி நொடிக்குப் பல்லாயிரம் முறை மேலும் கீழும் மாறுவதைப் பொத்தான் அழுத்தம் என்றே மென்பொருள் எடுத்துக்கொள்ளும்.

இது வெறும் தொந்தரவு என்று விட்டுவிடக் கூடாது. அப்படிப்பட்ட பொத்தானை அழுத்தும்போது, 3.3 வோல்ட்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் ஊசியை நேராகத் தரையோடு சேர்க்கிறோம். அந்த ஊசி நிரந்தரமாகக் கெட்டுவிட வாய்ப்பு உண்டு. சரிபார்க்கும்வரை மருமகனை அந்தப் பொத்தானை அழுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். திரைக்கு 8, 10, 11 ஆகியவையும், நீங்கள் இணைத்த முறையைப் பொறுத்து இன்னும் இரண்டும் போய்விடும். 5, 6, 16, 26 போன்றவை பெரும்பாலும் காலியாக இருக்கும். அவற்றில் ஒன்றுக்கு மாற்றி, பொத்தானை அழுத்தாதபோது ஊசியை 3.3 வோல்ட்டில் பிடித்து வைக்கும், பலகைக்கு உள்ளேயே இருக்கும் புல்-அப் மின்தடையைப் பயன்படுத்துங்கள், தனியாக மின்தடை தேவைப்படாது.

பட்டறைக்காரன், சுங்கை சிப்புட்

இருவருக்கும் மிக்க நன்றி. தங்கை சொன்னது அப்படியே உண்மை. 'பி' பொத்தானை 19-இல் தான் வைத்திருந்தேன். 16-க்கு மாற்றியதும் அந்தக் கோளாறு நின்றுவிட்டது. பழைய ஊசி கெடவில்லை, ஒலி தெளிவாக வருகிறது.

ஐயா கேட்ட அளவுகளை நேற்று வேலை முடிந்து வந்து எடுத்தேன். மருமகன் விளையாட, நான் அளந்தேன். ஓடும்போது செல்லின் முனைகளில் 3.84 வோல்ட். எம்டி3608 உள்ளீட்டில் 3.22 வோல்ட். சுவிட்சின் இரு கால்களுக்கிடையில் மட்டும் 0.36 வோல்ட் காட்டியதைக் கண்டு நம்ப முடியாமல் மூன்று முறை அளந்தேன். செல்லிலிருந்து வரும் மின்னோட்டம் 1.3 ஆம்பியர். ராஸ்பெரி பை ஊசிகளில் 5.04 இருக்கிறது, வெடிச் சத்தம் வரும் கட்டங்களில் 4.7 வரை இறங்கி உடனே ஏறுகிறது. கம்பிகள் எல்லாம் 30 கேஜ் மெல்லிய கம்பிகள். பெட்டிக்குள் வளைப்பதற்கு எளிது என்று அதையே எல்லா இடத்திலும் போட்டேன்.

ஓய்வுபெற்ற வயர்மேன், தெலுக் இந்தான்

அழகாக அளந்திருக்கிறீர்கள் தம்பி, இனி ஊகத்துக்கு வேலை இல்லை. செல்லுக்கும் எம்டி3608-க்கும் நடுவில் 0.62 வோல்ட் காணாமல் போகிறது. அதில் 0.36-ஐச் சுவிட்ச் தின்கிறது. 30 கேஜ் கம்பிக்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 0.34 ஓம் தடை உண்டு. போக வர 40 சென்டிமீட்டர் என்று வைத்தால் 1.3 ஆம்பியருக்கு 0.18 வோல்ட் போகும். மிச்சமுள்ள 0.08, டிபி4056 பலகையின் பாதுகாப்புச் சுற்றில் போவது. அதை நாம் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது.

அந்தச் சிறிய சறுக்கு சுவிட்சுகள் பெரும்பாலும் அரை ஆம்பியருக்குச் செய்யப்பட்டவை. அதில் 1.3 ஆம்பியரை ஓடவிட்டிருக்கிறீர்கள். இன்னும் சில மாதம் ஓட்டினால் உள்ளே கருகியிருக்கும். கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, 5 வோல்ட்டில் முக்கால் ஆம்பியர்கூட எடுக்காத கருவி செல்லிலிருந்து ஏன் 1.3 ஆம்பியர் இழுக்கிறது என்பது. உயர்த்தும் பலகை மின்னழுத்தத்தைக் கூட்டினால் அதற்கு ஈடாக மின்னோட்டத்தை அதிகம் வாங்கித்தான் ஆக வேண்டும். நடுவில் வெப்பமாகவும் கொஞ்சம் போகும். செல் இறங்க இறங்க இன்னும் அதிகமாக இழுக்கும். அதிகமாக இழுக்க இழுக்கக் கம்பியிலும் சுவிட்சிலும் இன்னும் அதிகமாக இழக்கும். ஒரு கட்டத்தில் சரிவைத் தாங்க முடியாமல் 5 வோல்ட் உடைந்துவிடும். நாற்பதாவது நிமிடத்தில் நடப்பது அதுதான். எம்டி3608 சில்லின் தரவுத்தாளில் உள்ள 4 ஆம்பியர் என்பது உள்ளே இருக்கும் சுவிட்சின் எல்லை, நமக்கு வெளியே கிடைப்பது அல்ல.

சத்தத்தில் அணைவதற்கும் காரணம் இதுவே. உங்கள் ஒலிப் பலகை 4 ஓம் ஸ்பீக்கரில் 3.2 வாட் வரை தரக்கூடியது. அந்தக் கணத்தில் அது மட்டுமே 5 வோல்ட்டில் 0.7 ஆம்பியர் கேட்கும். மல்டிமீட்டர் சராசரியைக் காட்டுவதால் 4.7 என்று தெரிகிறது. கண நேரச் சரிவு அதைவிட ஆழமாக இருந்திருக்கும்.

செய்ய வேண்டியவை: மின்சாரம் போகும் பாதை முழுவதையும் தடிமனான 22 கேஜ் கம்பிக்கு மாற்றி, எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டுங்கள். பொத்தான்களுக்கு 30 கேஜ் போதும், அதைத் தொட வேண்டாம். 3 ஆம்பியர் தாங்கும் ராக்கர் சுவிட்ச் போடுங்கள். ராஸ்பெரி பையின் 5 வோல்ட் ஊசிக்கு மிக அருகில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை, கழித்தல் கோடு தரைப் பக்கம் வருமாறு வையுங்கள். ஈப்போவில் கிடைக்காவிட்டால் கோலாலம்பூர் புடுவில் ஜாலான் பாசார் கடைகளில் இவை எல்லாம் சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

செல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 4.05-லிருந்து 3.84-க்கு இறங்கியதைப் பார்த்தால் உள்தடை 0.16 ஓம் வருகிறது. நல்ல புதிய செல்லில் 0.05 வாக்கில்தான் இருக்கும். வயதான செல், ஆனால் முக்கியக் குற்றவாளி அது அல்ல. அதைப் பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்தபோது எத்தனை வோல்ட் இருந்தது? 2.5-க்குக் கீழே நீண்ட காலம் கிடந்த செல் என்றால் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம். குழந்தை கையில் வைத்து விளையாடும் பொருள் இது. செல்லின் முனையில் நேரடியாக சால்டர் செய்திருந்தாலும் அந்தச் செல்லை ஒதுக்கிவிட்டு, புதிய செல்லையும் அதற்கான தாங்கியையும் வாங்குங்கள். சூடு, செல்லுக்குள் இரு மின்முனைகளையும் தொடவிடாமல் பிரித்து வைக்கும் மெல்லிய பிரிப்பானைக் கெடுக்கும்.

மின்னணுவியல் மாணவி, குளுவாங்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மேக்ஸ்98357ஏ-இல் கெயின் என்ற ஊசியை எதனோடும் இணைக்காமல் விட்டால் 9 டெசிபெல் பெருக்கம். அதை விஇன் ஊசியோடு சேர்த்தால் 6 டெசிபெல். 3 டெசிபெல் குறைந்தால் ஸ்பீக்கருக்குப் போகும் ஆற்றல் பாதியாகும். கையில் வைத்து விளையாடும் தூரத்துக்கு அந்தச் சத்தம் தாராளமாகப் போதும். ஒரே ஒரு கம்பிதான், செலவு கிடையாது.

இத்தனை முறை திடீரென்று அணைந்திருப்பதால் மெமரி கார்டில் உள்ள கோப்புகள் சிதைந்திருக்கக்கூடும். மின்சாரத்தைச் சரிசெய்த பிறகு மென்பொருளைப் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கார்டின் கோளாறை மின்சாரக் கோளாறு என்று எண்ணி மறுபடியும் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பட்டறைக்காரன், சுங்கை சிப்புட்

ஐயா, செல்லை எடுத்தபோது 3.3 வோல்ட் இருந்தது. ஆனால் முனையில் நானே சால்டர் செய்திருந்தேன். அதைப் படித்ததும் கழற்றித் தனியே வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் போய் 2600 மில்லியாம்பியர்-மணிப் புதிய செல்லும் தாங்கியும் வாங்கினேன். ராக்கர் சுவிட்ச் பெட்டியின் துளைக்குப் பெரிதாக இருந்ததால் பக்கவாட்டில் அரம் போட்டு அகலப்படுத்த வேண்டியிருந்தது. கம்பி, மின்தேக்கி, கெயின் இணைப்பு, புதிய கார்டு எல்லாவற்றையும் செய்து முடித்தோம்.

செல்லுக்கும் எம்டி3608-க்கும் இடையில் இப்போது 0.12 வோல்ட்தான் குறைகிறது. நேற்று மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய விளையாட்டு எட்டு மணி ஐந்து நிமிடம் வரை ஒரு முறைகூட அணையாமல் ஓடியது. மருமகன் ஒவ்வொரு கால் மணிக்கும் மின்னழுத்தத்தை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தான். விளையாடியதைவிட அதில்தான் அவனுக்கு அதிக மகிழ்ச்சி என்று அக்கா சொன்னார். வாங்க நினைத்த ஸீரோ 2-இன் பணம் அப்படியே இருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கிறது. சார்ஜரை டிபி4056-இல் செருகிக்கொண்டே அவன் விளையாடலாமா?

ஓய்வுபெற்ற வயர்மேன், தெலுக் இந்தான்

இப்போது இருக்கும் இணைப்பில் வேண்டாம் தம்பி. டிபி4056, செல்லுக்குள் போகும் மின்னோட்டம் அமைத்த அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் சார்ஜ் முடிந்தது என்று நிறுத்தும். கருவி அதே இடத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு அதற்குத் தெரியாமல் போய், செல் நிறைந்த பிறகும் 4.2 வோல்ட்டில் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும். நம் ஊர் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அது நல்லதல்ல.

சார்ஜ் செய்யும்போது சுவிட்சை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் இரண்டும் வேண்டுமென்றால், சுமையைச் சார்ஜருக்கு மாற்றிவிடும் வசதியுள்ள பலகையை அடுத்த கருவியில் போடுங்கள். அடாஃப்ரூட்டின் பவர்பூஸ்ட் 1000சி அத்தகையது, 5.2 வோல்ட் தரும், செல் 3.2 வோல்ட்டுக்கு இறங்கினால் சிவப்பு விளக்கும் எரியும். விலை கூடுதல்தான். மருமகனின் நோட்டுப் புத்தகக் குறிப்புகளை முடிந்தால் இங்கே பதியுங்கள். செல் எந்த வேகத்தில் இறங்குகிறது என்று பார்க்க எனக்கும் ஆவலாக இருக்கிறது.