குருத்தோலையை டிசம்பர் வரைக்கும் வச்சிருக்கிற வீடு

ரெண்டு ஊர் வழக்கத்தை ஒரே வீட்டுல எப்படிக் கொண்டுபோறதுன்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன்.

எனக்குச் சொந்த ஊர் இடையன்குடி பக்கம், பரம்பரையா சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. வீட்டுக்காரருக்குக் கோட்டயம், ஆர்த்தடாக்ஸ் சிரியன் சபை. குடியிருக்கிறது பாளையங்கோட்டையில. ரெண்டு பேரும் கிறிஸ்தவங்கதானே, கிறிஸ்துமஸ்ல என்ன வித்தியாசம் வந்துரப் போகுதுன்னுதான் நினைச்சேன்.

கல்யாணமாகி முதல் டிசம்பர்ல அம்மா ஊர்ல இருந்து வந்து, மாப்பிள்ளைக்குன்னு சீலா மீன் குழம்பு வச்சாங்க. அவர் ரசத்தை மட்டும் ஊத்திச் சாப்பிட்டு எழுந்துட்டார். மறுநாள் வச்ச முட்டையையும் தொடல. அம்மா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு, "ஏட்டி, மாப்பிள்ளைக்கு என் கைப்பக்குவம் பிடிக்கலையோ?"ன்னு கேட்டாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. ராத்திரி நான் கேட்டப்பதான் சொன்னார், டிசம்பர் 1-லிருந்து அவங்களுக்கு 25 நோன்பாம். கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. எங்களுக்கு நோன்புன்னா ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள்லதான். டிசம்பர் பிறந்தா நட்சத்திரம் கட்டணும், கேரல் வர்றவங்களுக்குப் பலகாரம் கொடுக்கணும். அவர் முன்னாடியே சொல்லியிருக்கலாம், நானும் கேட்டிருக்கலாம்.

அம்மாதான் வழி கண்டுபிடிச்சாங்க. முந்திரிக்கொத்துல பாசிப்பயறும் கருப்பட்டியும் தேங்காயும்தானே, பாலும் இல்ல, முட்டையும் இல்ல. முதலூர் மஸ்கோத் அல்வாவையும் நெய் ஊத்தாம தேங்காய்ப்பால்லதான் கிண்டுவாங்க. 1799-ல கிறிஸ்தவங்களுக்குன்னே உண்டான முதலூரோட அல்வா, கோட்டயத்து மாப்பிள்ளை நோன்புக்குத் தோதா அமைஞ்சதுல அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். இப்போ 24 வரைக்கும் எங்க வீட்டு அடுப்புல யாருக்குமே கறி கிடையாது.

மாமா தவறின பிறகு அம்மச்சி எங்களோட வந்துட்டாங்க. பிள்ளைங்க மாதிரி நானும் மாமியாரை அம்மச்சின்னுதான் கூப்பிடுவேன். அந்த வருஷம் 24 ராத்திரி பேசாமலே உட்கார்ந்திருந்தாங்க. கேட்டதுக்கு, அவங்க பள்ளியில, அதாவது சர்ச்சுல, அன்னைக்குச் சிலுவை வடிவத்துல குழி வெட்டித் தீ மூட்டுவாங்க, ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயித்துக்கிழமை ஓலையை அதுல போட்டு, சனங்க சாம்பிராணி மாதிரி குந்திரிக்கம் தூவுவாங்கன்னு சொன்னாங்க.

எங்க வீட்டுலயும் அந்த ஓலையைப் பைபிளுக்குள்ள வச்சிருப்போம். காய்ஞ்ச பிறகு தூரப்போட மனசே வராது. அன்னைக்கே எடுத்துட்டு வந்து முற்றத்துல மண்சட்டியில கொளுத்தினோம். மகள் பைபிள்ல இயேசு பிறந்ததைச் சொல்ற லூக்கா 2 வாசிச்சா, அம்மச்சி மலையாளத்துல ஒரு பாட்டுப் பாடினாங்க. பிறகு எங்க சபைப் போதகர் ஐயர்கிட்ட கேட்டேன். "வீட்டு ஜெபமா வச்சுக்கோங்கம்மா, நல்லதுதான்"னார். அதுலேர்ந்து வருஷா வருஷம் உண்டு.

விடியக்காலம் நாலு மணி ஆராதனைக்கு எல்லாரும் எங்க சி.எஸ்.ஐ. சபையோட ஊசிக்கோபுரம் கோயிலுக்குப் போவோம். அப்பமும் ரசமும் வாங்குற திருவிருந்துக்கு நான் எழுந்து போகும்போது அவரும் அம்மச்சியும் உட்கார்ந்தே இருப்பாங்க. அவங்க சபை முறை அது. முதல்ல எனக்கு வலிச்சுது, இப்பவும் கொஞ்சம் வலிக்கும். அதைப் பூசி மெழுக வேண்டாம்னு பிள்ளைங்ககிட்ட உள்ளபடியே சொல்லியிருக்கோம். திரும்பி வந்தா ஆப்பம், தாராவு (வாத்து) கறி, பக்கத்துல அம்மா வச்ச ஆட்டுக்கறிக் குழம்பு.

2023 டிசம்பர் 17, 18 மழையில எங்க வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. பைபிள், ஓலை எல்லாம் ஊறிப்போச்சு. இந்த வருஷம் வேண்டாம்னு நான் சொன்னேன். மகள் கேக்கல. ஓலையை ஒவ்வொண்ணா இட்லிக் கொப்பரை மூடி மேல பரத்திக் காயவச்சா. 24 ராத்திரி சட்டியில வெறும் புகைதான் வந்துச்சு. அம்மச்சி கண்ணைத் துடைச்சுக்கிட்டே ஊதினாங்க, இவர் விசிறினார். ரொம்ப நேரம் கழிச்சு ஒரு ஓலை நுனியில பிடிச்சுது. "படி மோளே"ன்னாங்க அம்மச்சி.