மாதா கோவிலுக்கு போறேன், ஆனா கிறிஸ்தவம்னா என்னன்னு அடிப்படையே தெரியல, யாராவது சொல்லுங்களேன்

பெசன்ட்நகர்_காத்து:
நாங்க இந்து, ரொம்ப வருஷமா பெசன்ட் நகர் தான். ஆகஸ்ட் 29 கொடியேத்தம் வந்தாலே எங்க ஏரியா அடையாளம் தெரியாம மாறிடும், காவி கட்டிட்டு எங்கெங்கேர்ந்தோ நடந்தே வருவாங்க, எங்க அம்மாவும் போய் மெழுகுவத்தி ஏத்திட்டு தான் வருவாங்க. ஆனா உள்ள என்ன நம்புறாங்கன்னு ஒண்ணும் தெரியாது. ஆபீஸ்ல ஒரு ஃப்ரெண்ட் சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை), அவகிட்ட மாதா பத்தி கேட்டா எங்க சர்ச்ல மாதா சிலையே கிடையாதுன்னுட்டா, சரி நாமளே படிச்சுக்கலாம்னு பைபிள் எடுத்து முதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சேன், லேவியராகமம்ல ஆட்டுக் கிட்னி மேல இருக்கற கொழுப்ப எப்படி எரிக்கணும்னு வந்துச்சு, அதோட மூடி வச்சிட்டேன். எனக்கு மெயினா புரியாதது, ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி ஒருத்தர் செத்தா என் பாவம் எப்படி போகும்? அப்புறம் கடவுள் ஒண்ணா மூணா? மதம் மாறுற ஐடியா எல்லாம் இல்ல, தெரிஞ்சுக்கணும் அவ்ளோதான்.

பெரம்பூர்காரன்:
சிஸ்டர், லேவியராகமம்ல நாங்களே நின்னுடுவோம் 😄 மாற்கு எடுங்க. இயேசு வாழ்க்கைய சொல்ற நாலு சுவிசேஷத்துல அதுதான் சின்னது, 16 அதிகாரம், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல முடிச்சிடலாம். பழைய பதிப்போட தமிழ் கஷ்டமா இருந்தா 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு வாங்குங்க, ஈஸியா ஓடும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். இது முதல்ல ஒரு நல்லொழுக்க லிஸ்ட் கிடையாது, பொய் சொல்லாத திருடாதன்னு எல்லா மதத்துலயும் தான் இருக்கு. இங்க எல்லாமே ஒரு ஆள சுத்தி நிக்குது. இயேசுங்கற யூதர் கலிலேயாங்கற பகுதில நோயாளிங்கள தொட்டு குணமாக்கினாரு, ஊர் ஒதுக்கி வச்சவங்களோட உக்காந்து சாப்பிட்டாரு, பொந்தியு பிலாத்துங்கற ரோமானிய கவர்னர் காலத்துல சிலுவைல கொன்னாங்க, மூணாம் நாள் எழுந்தாரு. அந்த பிலாத்து பேர, நாங்க நம்புறத சுருக்கமா சொல்ற விசுவாச பிரமாணத்துல நாங்க சர்ச்ல நின்னு சொல்றோம், சாமி பேரோட எதுக்கு ஒரு கவர்னர் பேருன்னு சின்ன பசங்க கூட கேப்பாங்க, இது ஒரு காலத்துல ஒரு ஊர்ல நெஜமா நடந்துச்சுன்னு தான் எங்க கிளெய்ம், அதுக்குத்தான். இயேசுவ பத்தி ஊர் ஊரா போய் சொன்ன பவுலே ஓப்பனா எழுதிட்டாரு, கிறிஸ்து எழலன்னா எங்க விசுவாசமே வீண்னு (1 கொரிந்தியர் 15). அதனால நம்பறதா வேணாமான்னு அங்கதான் பாக்கணும், மத்ததெல்லாம் அப்புறம்.

பாவம்னா தப்புங்களோட கணக்கு மட்டும் இல்ல, கடவுள விட்டு விலகிப் போன நிலைமை. அத மனுஷன் தானா சரி பண்ணிக்க முடியல, அவரே இறங்கி வந்து அதோட முழு விளைவையும் தன் மேல வாங்கிக்கிட்டாருன்னு நம்புறோம். எப்படி அது வேலை செய்யுதுன்னு கேட்டா தண்டனைய ஏத்துக்கிட்டாருன்னு ஒரு விளக்கம், சாவையே ஜெயிச்சாருன்னு ஒரு விளக்கம், அன்போட எல்லைய காட்டினாருன்னு ஒண்ணு, ஆதிகாலத்துலேர்ந்தே பேசிட்டு தான் இருக்காங்க. எனக்கு இதெல்லாத்தையும் விட லூக்கா 15ல இயேசு சொல்ற கதை தான் புரிஞ்சுது. சொத்த பிரிச்சு வாங்கிட்டு போய் எல்லாத்தையும் அழிச்சிட்டு பன்னி மேய்ச்ச பையன், கூலிக்காரனா சேத்துக்கோங்கன்னு கேக்கலாம்னு டயலாக் எல்லாம் ரெடி பண்ணிட்டு வீட்டுக்கு வரான், அப்பா தூரத்துலயே பாத்துட்டு ஓடி வந்து கட்டிக்கறாரு, பையன் டயலாக்க முழுசா சொல்லவே விடல. வயசான பெரிய மனுஷன் வேட்டிய தூக்கிட்டு தெருவுல ஓடுறத நம்ம ஊர்ல நினைச்சு பாருங்க.

டீக்கடை_பெஞ்ச்:
ப்ரோ மூணு சாமி கேள்விய அப்படியே தாண்டி போயிட்டீங்களே

பெரம்பூர்காரன்:
தாண்டல ப்ரோ, டைப் பண்ணி கை வலிக்குது. கடவுள் ஒருத்தர் தான். பிதா, குமாரன் (இயேசு), பரிசுத்த ஆவி மூணு ஆள்தத்துவம், ஆனா மூணு கடவுள் இல்ல. யாராவது வந்து தண்ணி, ஐஸ், நீராவின்னு உதாரணம் சொல்வாங்க, நம்பாதீங்க, ஒருத்தரே மூணு வேஷம் போடறாருங்கற மாதிரி ஆயிடும், அத ஆரம்ப காலத்துலயே சபை தப்புன்னு தள்ளிடுச்சு. குமாரனும் பிதாவும் ஒரே தன்மை தான்னு 325ல நிசேயாங்கற ஊர்ல பிஷப்புங்க கூடின சங்கத்துல உக்காந்து பெரிய சண்டைக்கப்புறம் முடிவு பண்ணாங்க. முழுசா புரிஞ்சிடுச்சுன்னு எவனாவது சொன்னா சந்தேகப்படுங்க.

சாந்தோம்_பொண்ணு:
மாதா பத்தி நான் சொல்றேன், நான் ஆர்சி (ரோமன் கத்தோலிக்). நாங்க மாதாவ கடவுளா கும்பிடல, கடவுளோட அம்மாங்கற மரியாதை, எங்களுக்காக வேண்டிக்கோங்கன்னு கேக்கறது. யோவான் 2ல கானா ஊர் கல்யாணத்துல திராட்சரசம் தீந்து போச்சு, மாப்ள வீட்டு மானம் போற நிலைமை, அவங்க தான் மகன்கிட்ட போய் ரசம் இல்லன்னு சொல்றாங்க. பெசன்ட் நகர் கூட்டத்துக்கு பின்னாடி இருக்கறது இந்த ஒரு சீன் தான்னு எனக்கு தோணும். சிஎஸ்ஐல இது கிடையாது, உங்க ஃப்ரெண்ட் சொன்னது சரி.

ஆனா ஒண்ணு, இத சொன்னா எங்க பாட்டியே கோவிச்சுக்குவாங்க. நீ இத குடு நான் அத செய்யறேன்னு நேந்துக்கறது நம்ம ஊர்ல எல்லாருக்கும் பழக்கம், நாங்களும் செய்வோம், மாலை போடுவோம் நடந்து போவோம். ஆனா எங்க போதனைல கடவுள் அருள அப்படி வாங்க முடியாது, அது இனாம், கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்தாச்சு, நாம செய்யறதெல்லாம் அதுக்கு நன்றி. ஆர்சியோ சிஎஸ்ஐயோ எபேசியர் 2 எல்லாருக்கும் ஒண்ணு தானே.

டீக்கடை_பெஞ்ச் ப்ரோ மாதிரி சந்தேகப் பிராணிகளுக்கு ஒரு நியூஸ். இயேசுவோட சீஷர்ல தோமான்னு ஒருத்தர், ஆணி அடிச்ச காயத்துல விரல விட்டு பாக்காம நம்ப மாட்டேன்னு சொன்னவர், அவர இயேசு திட்டி அனுப்பல, வா தொட்டு பாருன்னாரு. அவர் இந்தியா வந்து பரங்கிமலைல கொல்லப்பட்டாரு, சாந்தோம்ல அடக்கம் பண்ணாங்கன்னு பாரம்பரியம், கல்லறை சர்ச்சுக்கு கீழ இருக்கு, இறங்கி போய் பாக்கலாம்.

ஆவடி_அக்கா:
நானும் இந்து குடும்பம் தான்மா. படிப்பு எல்லாம் சரி, ஒரு தடவ ஜெபம் பண்ணி பாரு, செந்தமிழ் எல்லாம் வேணாம், நீ உங்கம்மாகிட்ட எப்படி பேசுவியோ அப்படி பேசு. எங்க பெந்தெகோஸ்தே சபைல குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, விவரம் தெரிஞ்சு தானா முடிவு பண்ணவங்களுக்கு தான், அதுவும் தண்ணில முழுக்கு. அதனால ஒருத்தரும் உன்ன அவசரப்படுத்தக் கூடாது.

டீக்கடை_பெஞ்ச்:
அக்கா சொன்னத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கறேன், எங்க தெருவுல நோட்டீஸ் குடுக்கறவங்களுக்கு காட்டணும்

பெசன்ட்நகர்_காத்து:
எல்லாருக்கும் தேங்க்ஸ். மாற்கு படிச்சு முடிச்சேன், கடைசில கல்லறை காலியா இருக்குன்னு தெரிஞ்சு அந்த பொண்ணுங்க சந்தோஷப்படாம பயந்து ஓடுறாங்க, அது ஏனோ நெஜமா நடந்த மாதிரி இருந்துச்சு. இந்த ஞாயிறு ஃப்ரெண்டோட சிஎஸ்ஐ ஆராதனைக்கு போலாம்னு இருக்கேன். பொட்டு வச்சிட்டு போலாமா? அப்பமும் ரசமும் குடுக்கும்போது என்ன பண்றது?

பெரம்பூர்காரன்:
பொட்டோடயே வாங்க, யாராவது முறைச்சா அது அவங்க பிரச்சன. திருவிருந்து அன்னிக்கு இருந்தா எல்லாரும் முன்னாடி போகும்போது நீங்க சீட்லயே உக்காந்துக்கோங்க, ஞானஸ்நானம் எடுத்தவங்களுக்கு தான் அது, ஆர்சி பூசைலயும் அப்படித்தான், தப்பா ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. காணிக்கை பை வந்தா பக்கத்துல பாஸ் பண்ணிடுங்க, போடணும்னு கட்டாயம் இல்ல. எந்திரிக்கறது உக்காரறது மாறி மாறி வரும், முன்னாடி இருக்கறவங்கள பாத்து செய்யுங்க. ஆங்கிலிகன், மெதடிஸ்ட் எல்லாம் ஒண்ணா சேந்து 1947 செப்டம்பர் 27 நம்ம கத்தீட்ரல் ரோடு செயின்ட் ஜார்ஜ் கத்தீட்ரல்ல தான் சிஎஸ்ஐ ஆனாங்க, அதனால சர்ச்சுக்கு சர்ச் கொஞ்சம் ஸ்டைல் மாறும். அறுப்பின் பண்டிகை நேரமா இருந்தா ஆராதனை முடிஞ்சதும் கிளம்பிடாதீங்க, வாழைத்தார், கோழி, கேக் எல்லாம் ஏலம் விடுவாங்க, ஒரு பூசணிக்காய்க்கு ரெண்டு மாமாங்க போட்டி போட்டு கடையில விக்கற விலைய விட பத்து மடங்கு ஏத்தி விடுவாங்க பாருங்க, பிரசங்கத்துல தூங்கினவங்க எல்லாம் அப்பதான் முழிப்பாங்க.